ஒரு மில்லிகிராம் ஈரம்

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. அடுத்த மூன்றரை மாதங்கள் நடந்த சண்டையைக் குளிர்காலப் போர் என்றே வரலாறு அழைக்கிறது. லடோகா ஏரிக்கு வடக்கே இருந்த கொல்லா போர்முனையில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸை நெருங்கிய நாட்கள் உண்டு. அங்கே பின்லாந்துக்காகப் போரிட்டவர்களில் ஒருவர் சிமோ ஹாய்ஹா. ஊரில் விவசாயி, வேட்டைக்காரர். மறைந்திருந்து குறிபார்த்துச் சுட்டவர்களின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். அவருடைய துப்பாக்கியில் ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி கிடையாது. குழாயின் மேல் இருக்கும் சாதாரண இரும்புக் குறிகாட்டியை வைத்தே அவர் சுட்டார்.

காரணங்கள் தெளிவானவை. ஸ்கோப் வழியாகப் பார்க்கத் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். எதிரிக்கு அது இலக்கு. வெயில் பட்டால் கண்ணாடி மின்னும், இருக்குமிடம் தெரிந்துவிடும். மூன்றாவது காரணம்தான் இந்த அத்தியாயத்துக்கு உரியது: கடுங்குளிரில் லென்ஸின் மேல் ஆவி படிந்து, உறைந்து, பார்வை அடைபட்டுப் போகும். மூச்சுக்காற்றின் புகை தெரியாமலிருக்க ஹாய்ஹா வாயில் பனியை வைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். காட்டிக்கொடுக்கும் அந்த மூச்சுப்புகையும் லென்ஸை மறைக்கும் படிவும் ஒரே நீராவியின் வேலை.

ஸ்கோப்பில் ஆவி படிவதை ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்டதைப் போல நினைத்துத் துடைக்கிறோம். துடைத்த மறுகணமே அது திரும்ப வருகிறது. வராமல் என்ன செய்யும்? கண்ணாடியின் குளிர்ச்சி அப்படியேதானே இருக்கிறது. இந்தச் சிக்கலை வெல்ல ஒரு நூற்றாண்டாக நடந்த முயற்சிகளில் பலன் தந்தவை எல்லாம், ஆவி படிவதற்கு முன்பே தலையிட்டவை.

பனிநிலை என்ற எல்லைக்கோடு

ஓரிடத்தில் எவ்வளவு நீராவி தங்க முடியும் என்பதை அங்குள்ள வெப்பநிலை முடிவு செய்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீர், ஆவியாக இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. மைனஸ் 20 டிகிரியில் ஏறக்குறைய 1 கிராம்தான். ஈரமான காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவி உச்ச அளவைத் தொட்டுவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அதற்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினாலும் மிகுதி நீர், கிடைத்த பரப்பில் துளியாக உட்காரும்.

1751இல் பிரான்சின் மோன்பெலியே நகர மருத்துவர் சார்ல் லெ ருவா இதை ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தே அளந்து காட்டினார். குவளை நீரைப் பனிக்கட்டியால் சிறிது சிறிதாகக் குளிர்வித்து, அதன் வெளிப்புறம் எப்போது முதலில் வியர்க்கிறது என்று பார்த்தார். அந்த வெப்பநிலை நாளுக்கு நாள், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறியது. ஸ்கோப்பை வைத்திருப்பவர் நினைவில் நிறுத்த வேண்டிய விதியும் இதுவே. காற்றின் குளிர் இரண்டாம்பட்சம். கண்ணாடியின் வெப்பநிலை, அதைத் தொடும் காற்றின் பனிநிலைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஸ்கோப் எங்கெங்கே ஏமாற்றும் என்பது விளங்கும். முதல் இடம், கண்ணருகு லென்ஸ். நாம் வெளிவிடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிரம்பி வருகிறது; கன மீட்டருக்கு 35 கிராமுக்கும் மேல் நீராவி. மைனஸ் 20 டிகிரியில் கிடக்கும் கண்ணாடியின் மேல் அது பட்டால் பெரும்பகுதி அங்கேயே இறங்கி உறைந்துவிடும். கண்ணிலிருந்தும் முகத்தோலிலிருந்தும் எழும் ஈரமும் இதோடு சேரும்.

இரண்டாவது, முன்னால் இருக்கும் பொருளருகு லென்ஸ். குளிரில் நாள் முழுக்க இருந்த துப்பாக்கியை அடுப்பு எரியும் குடிலுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி நொடியில் வெளுத்துவிடும். சென்னையில் இது தலைகீழாக நடக்கிறது. கோடையில் கடலோரக் காற்றின் பனிநிலை பல நாட்களில் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். 22 டிகிரி குளிர்சாதன அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் மங்குவது அதனால்தான். பின்லாந்து வேட்டைக்காரருக்கு வீட்டுக்குள் நுழையும்போது நேர்வது, நமக்கு வீட்டைவிட்டு வெளியேறும்போது நேர்கிறது.

காற்று பனிநிலைக்கு மேலே இருக்கும்போதும் லென்ஸ் நனைவதுண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. இரவில் தோட்டத்தில் கம்பளிக் கொத்துகளை வைத்து, அவை எவ்வளவு பனியை ஏற்கின்றன என்று எடை போட்டுப் பார்த்தவர் அவர். தெளிந்த வானத்துக்கு முகம் காட்டிய பரப்புகள் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. பனி அதன் பிறகே படிகிறது என்று அவர் நிறுவினார். வானம் பார்க்கக் கிடத்திய ஸ்கோப்பும் அப்படித்தான் குளிர்கிறது. லென்ஸுக்கு ஒரு மூடி போட்டால் அந்த வெப்ப இழப்பு நின்றுவிடும்.

குழாய்க்குள்ளே

மூன்றாவது இடம்தான் மிகவும் கொடியது: குழாயின் உட்புறம். வெளியே படிந்ததைத் துடைக்கவாவது முடியும். உள்ளே படிந்ததை விரல் தொட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கோப் குழாய்க்குள் சுமார் 100 கன சென்டிமீட்டர் காலி இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஓர் அறையில் அதைப் பூட்டி மூடுகிறோம். உள்ளே அகப்படும் நீராவி சுமார் 1.4 மில்லிகிராம். பிறகு அதை மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஆவியாகத் தங்கக்கூடியது 0.2 மில்லிகிராம்தான். மீதி 1.2 மில்லிகிராம் எங்காவது இறங்கியாக வேண்டும். அத்தனையும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே லென்ஸில் படிந்தால் அதன் சராசரித் தடிமன் ஏறக்குறைய 1 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நீர்த்துளியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான ஈரம், ஒரு நல்ல கருவியைக் குருடாக்கப் போதும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்கோப்புகள் பலவற்றில் ஈரத்தைத் தடுக்கும் அடைப்பு முறையாக இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லியூபோல்டு அண்டு ஸ்டீவன்ஸ் என்ற நிறுவனம் நில அளவைக் கருவிகளும் ஆற்று நீர்மட்டத்தைப் பதியும் கருவிகளும் செய்துவந்தது. அதன் நிறுவனரின் மகன் மார்க்கஸ் லியூபோல்டு மான் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப் மங்கி, மான் தப்பிவிட்டது என்றும், இதைவிட நல்ல கருவியைத் தன்னால் செய்ய முடியும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தார் என்றும் அந்த நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. 1947இல் பிளெயின்ஸ்மேன் என்ற பெயரில், உள்ளே ஆவி படியாத ஸ்கோப்பை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கருவிகளைச் செய்து பழகிய கைகளுக்கு, ஈரத்தை எங்கே தடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

வழி சுருக்கமானது. குழாயிலுள்ள ஈரக்காற்றை வெளியேற்று, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பு, மூடு. நைட்ரஜனுக்கு ஆவியை விரட்டும் தனிச்சக்தி ஏதும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். அதை எளிதாக, மலிவாக, மிகமிக உலர்ந்த நிலையில் பெற முடியும். உலோகத்தையும் மசகையும் கெடுக்காது. காக்கிற வேலையைச் செய்வது அதன் வறட்சி. உள்ளே வைக்கும் வாயுவின் பனிநிலை, அந்த ஸ்கோப் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய கடுங்குளிரைவிடத் தாழ்வாக இருந்தால் உள்ளே ஆவி படியாது. பனிநிலை மைனஸ் 40 டிகிரி என்றால், மேலே சொன்ன 100 கன சென்டிமீட்டரில் இருப்பது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு ஈரம்தான்.

உலர்ந்த வாயுவை நிரப்புவது பாதி வேலை. அதை உலர்ந்தபடியே வைத்திருப்பது மீதிப் பாதி. குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் திருகுகள் ஸ்கோப்பில் உண்டு. அவை சுழல வேண்டும். அதே சமயம் ஈரத்தை விடக் கூடாது. இந்த இரட்டை வேலையைச் செய்வது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் குழாய் மூச்சு விடத் தொடங்கிவிடும். 30 டிகிரியில் இருந்த ஸ்கோப் மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே வாயு அழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மீண்டும் சூடானால் வாயு வெளியேறுகிறது. ஒவ்வொரு பகலிரவும் கொஞ்சம் ஈரம் உள்ளே வந்து சேரும். இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகள் பின்பற்றும் சோதனை எளியது: ஸ்கோப்பை வெந்நீரில் மூழ்க வைப்பார்கள். உள்ளிருக்கும் வாயு விரிந்து, ஓட்டை இருந்தால் குமிழியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

விரிசலே இல்லாத ரப்பரும் முழுத் தடை ஆகாது. நீராவி மூலக்கூறுகள் ரப்பரில் கரைந்து, மெல்ல ஊர்ந்து மறுபக்கம் போகும். உள்ளே நைட்ரஜனை நெருக்கி அடைத்தால் நீராவி வராது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வாயுவும் தன் பகுதி அழுத்தத்தை மட்டுமே பார்த்து நகர்கிறது. வெளியே நீராவி அதிகம், உள்ளே இல்லை என்றால், நைட்ரஜன் எவ்வளவு இருந்தாலும் நீராவி உள்நோக்கியே வரும். பல ஆண்டுகள் கழித்து நல்ல ஸ்கோப்பும் உள்ளே மங்குவதற்கு இது ஒரு காரணம்.

நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் நிரப்பிய ஸ்கோப்புகளும் கடைகளில் உண்டு. ஆர்கான் அணு பெரியது, அதனால் கசியாது என்று சொல்லி விற்பார்கள். வாயுக்களின் ஊடுருவலைக் கணக்கிடப் பயன்படும் மூலக்கூறு அளவுகள் வேறு கதை சொல்கின்றன: ஆர்கான் 3.40 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64 ஆங்ஸ்ட்ராம், நீர் 2.65 ஆங்ஸ்ட்ராம். பொதுவான ரப்பர்கள் பலவற்றின் வழியே ஆர்கான்தான் நைட்ரஜனைவிட வேகமாகப் போகிறது. வாங்குபவர் கேட்க வேண்டியது அடைப்பின் தரம். வாயுவின் பெயரால் பெரிய வேறுபாடு வருவதில்லை.

ஈரம் நீடித்தால்

ஆவி படிவது தற்காலிகத் தொல்லை, சூடானால் போய்விடும். ஈரம் உள்ளேயே தங்கினால் வருவது நிரந்தரச் சேதம். இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் இருந்த ஆஸ்திரேலியப் படைகளின் தொலைநோக்கிகளுக்குள் பூஞ்சை வளர்ந்தது. சிலந்தி வலை போன்ற அதன் இழைகள் லென்ஸ் மேல் பரவி, சுரக்கும் அமிலத்தால் கண்ணாடியையே அரித்தன. மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் ஜான் டர்னரும் பூஞ்சையியல் அறிஞர் எதெல் மெக்லெனனும் இதை ஆராய்ந்தார்கள். பாதரசம் கலந்த மெர்தயோலேட் என்ற நஞ்சைக் கருவிக்குள் பூசி வைத்து அந்தப் பூஞ்சை அடக்கப்பட்டது. தொலைநோக்கி ஒன்றைக் காக்கத் தாவரவியலாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பது, ஈரம் எத்தனை துறைகளைத் தொடுகிறது என்பதைக் காட்டுகிறது.

நம் கடலோர ஊர்களில் பழைய கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூஞ்சை நன்றாகத் தெரியும். இருட்டும் ஈரமும் சேர்ந்த தோல் பெட்டி அதற்குப் பிடித்த இடம். நஞ்சு தேவையில்லாத மருந்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா. ஈரம் குடித்துத் தீர்ந்த ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

துளியா, படலமா

இப்போது அந்த 1 மைக்ரான் ஈரத்துக்குத் திரும்புவோம். அது லென்ஸின் மேல் ஒரே சீரான படலமாகப் பரவியிருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒளி நேராக அதைக் கடந்துபோகும். அதே நீர் ஆயிரக்கணக்கான நுண்துளிகளாக நிற்கும்போதுதான் ஒவ்வொரு துளியும் ஒளியைத் தன் போக்கில் வளைத்துச் சிதறடிக்கிறது. துளிகள் ஸ்கோப்பின் குவியத்தில் இல்லாததால் அவை புள்ளிகளாகத் தெரிவதில்லை. காட்சி முழுவதும் வெளுத்து, மானுக்கும் மரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

துளியா படலமா என்பதை முடிவு செய்வது கண்ணாடியின் மேல்தோல். ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் எய்ட்கன் கண்ணாடியின் மேல் ஒரு சுடரை இழுத்துச் சென்று, ஆறியபின் அதில் ஊதிப் பார்த்தார். சுடர் போன தடம் மட்டும் கறுத்துத் தெளிவாக நின்றது; மற்ற இடமெல்லாம் வெளுத்தது. 1911இல் ரேலி பிரபு நேச்சர் இதழில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். தூய கண்ணாடி நீரை விரும்புகிறது. நீர் அதன் மேல் படர்கிறது. காற்றிலிருந்தும் விரலிலிருந்தும் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு அந்த விருப்பத்தைக் கெடுத்து, நீரைத் துளியாகத் திரள வைக்கிறது. லென்ஸை விரலால் துடைப்பவர் அடுத்த முறை ஆவி இன்னும் அடர்த்தியாகப் படிய வழி செய்கிறார்.

இந்த அறிவுக்கு 1966இல் விண்வெளியில் விலை கொடுக்க நேர்ந்தது. ஜூன் 5 அன்று ஜெமினி 9 கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னன், கடும் உழைப்பால் வியர்த்து மூச்சிரைத்தார். தலைக்கவசக் கண்ணாடி உள்ளே முழுக்க மங்கிவிட்டது. மூக்கால் தேய்த்து ஒரு சிறு இடத்தைத் தெளிவாக்கி அதன் வழியே பார்த்தார். சோதிக்க வேண்டிய நகர்வுக் கருவியைக் கைவிட்டுக் கலத்துக்குள் திரும்பினார். அடுத்த பயணங்களில், வெளியேறுவதற்கு முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவித்தடுப்புக் கரைசல் தடவுவது வழக்கமாயிற்று. சோப்பு வகைப் பொருள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க, துளிகள் படுத்துப் படலமாகிவிடும். கடையில் விற்கும் ஆவித்தடுப்புத் துணிகளின் தத்துவமும் இதுவே. பூச்சு கழுவிப் போனால் பலனும் போய்விடும்.

நிலைத்து நிற்கும் பரப்புகளைத் தேடியவர்களும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய பரப்பு புற ஊதா ஒளி பட்டதும் நீரை முற்றிலும் படர விடும் என்று 1997இல் ஜப்பானில் புஜிஷிமா, ஹஷிமோட்டோ குழுவினர் காட்டினார்கள். எதிர்த்திசையில் போன வழியைக் கொசு காட்டியது. அதன் கூட்டுக்கண்ணில் 100 நானோமீட்டர் அளவுள்ள மேடுகள் நெருங்கி நிற்பதால் பனிமூட்டத்திலும் துளி ஒட்டுவதில்லை என்று 2007இல் சீன அறிஞர்கள் எழுதினார்கள். 2022இல் சூரிச் ஆய்வாளர்கள் சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் தங்கம் கலந்த பூச்சு ஒன்றைச் செய்தார்கள். அது சூரிய ஒளியின் அகச்சிவப்புப் பகுதியை உறிஞ்சி, கண்ணாடியை 8 டிகிரி வரை சூடாக்குகிறது. அங்கே நீரின் வடிவத்தைத் தொடாமல், கண்ணாடியைப் பனிநிலைக்கு மேலே தூக்கி வைப்பதே உத்தி.

ஸ்கோப்புகளின் வெளி லென்ஸில் இப்போது பரவலாக இருப்பது நீரை விலக்கும் பூச்சு. மழைத்துளி அதில் நிற்காமல் உருண்டுபோகும். மூச்சு ஆவிக்கு அது முழு மருந்தல்ல. நுண்துளிகள் உருளும் அளவுக்குக் கனம் பெறுவதில்லை. படலமாக்கும் கரைசலுக்கும் ஓர் எல்லை உண்டு. மைனஸ் 20 டிகிரியில் அந்தப் படலமே உறைந்து பனித்தோலாகிவிடும். ஆகவே கடுங்குளிரில் எந்தப் பூச்சையும்விடப் பழக்கம்தான் காக்கும்.

பழக்கம் என்ற காப்பு

வட நாடுகளின் அனுபவமிக்க வேட்டைக்காரர்கள் செய்வதை இயற்பியல் அப்படியே ஆதரிக்கிறது. வேட்டை நாட்களில் துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவராமல், பூட்டிய குளிர்ந்த கொட்டகையிலோ வண்டியிலோ வைக்கிறார்கள். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும். உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டுமானால், வெளியிலேயே காற்றுப்புகாத பையில் போட்டுக் கட்டிவிடலாம். பைக்குள் அகப்பட்டது குளிர்ந்த, உலர்ந்த காற்று. ஆவியெல்லாம் பையின் வெளிப்புறத்தில் படியும். ஸ்கோப் அறையின் வெப்பத்தை அடைந்தபின் பையைத் திறந்தால் போதும். கேமராவுக்கும் இதே முறை பொருந்தும்.

குறிபார்க்கும் கணம் வரை லென்ஸ் மூடியை எடுக்கக் கூடாது. கண்ணை வைத்ததும் மூச்சைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ விட வேண்டும். ஓடி வந்து இரைக்கும்போது உடனே முகத்தை ஸ்கோப்பில் பதிக்கக் கூடாது. உடலின் வெப்பமும் ஈரமும் கோட்டுக் கழுத்து வழியே நேராக லென்ஸுக்கு எழும். லென்ஸைச் சூடாக்க அதில் ஊதக் கூடாது. விழுந்த பனித்தூளை மென்தூரிகையால் தட்டலாம். தேய்த்தால் உருகி உறைந்துவிடும்.

ஆவி உள்ளே படிந்திருக்கிறது என்று உறுதியானால், வீட்டில் கழற்றித் துடைக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். திறந்த கணமே உலர்வாயு போய், அறையின் ஈரம் உள்ளே புகும். மறுபடி உலர்த்தி, நிரப்பி, அடைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

விற்பனைப் பெட்டியில் 'ஆவி படியாது' என்று எழுதியிருந்தால் அது குழாயின் உட்புறத்துக்கு மட்டும் உரிய உறுதிமொழி. வெளி லென்ஸுக்கு எந்த நிறுவனமும் முழு உறுதி தர முடியாது. அது எந்தக் காற்றைத் தொடும் என்பது கருவியைப் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி அறுவை மருத்துவர்களுக்கும் இதே பாடம்தான். அறை வெப்பத்தில் இருக்கும் கேமராக் குழலை 37 டிகிரியில் ஈரம் நிரம்பிய வயிற்றுக்குள் செலுத்தினால் காட்சி உடனே வெளுக்கும். அதனால் குழலின் நுனியை முதலில் வெந்நீரில் சூடாக்குகிறார்கள் அல்லது ஆவித்தடுப்புக் கரைசல் தடவுகிறார்கள்.

ஈரத்தைக் குறை, கண்ணாடியைப் பனிநிலைக்கு மேலே வை, இரண்டும் முடியாதபோது நீரைப் படலமாக்கு. நைட்ரஜன் நிரப்பிய குழாயும், காற்றுப்புகாத பையும், விண்வெளிக் கவசத்தின் கரைசலும், தங்கப் பூச்சும், மருத்துவரின் வெந்நீரும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்றையும் அறிந்தவர், தன் கருவி எப்போது மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். முன்கூட்டியே சொல்ல முடிந்ததைத் தடுக்கவும் முடியும்.